சார்ஜ் நிற்கவில்லை: கையடக்க கேம் கன்சோல் பேட்டரிக் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிரிப்பது

"சார்ஜ் நிக்க மாட்டேங்குது." கன்சோலைக் கையில் கொடுக்கும் எல்லோரும் சொல்வது இந்த ஒரே வாக்கியம்தான். கொஞ்சம் கிண்டிக் கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். ஒருவருக்கு விளையாட ஆரம்பித்ததும் மளமளவென்று இறங்குகிறது. இன்னொருவருக்கு விளையாடும்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது, ராத்திரி ஸ்லீப்பில் போட்டு வைத்தால் காலையில் பாதி காணோம். மூன்றாமவருக்கு 25% காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துபோகிறது. இவை எல்லாவற்றுக்கும் "பிரைட்னஸைக் குறை, வைஃபையை ஆஃப் பண்ணு" என்று பதில் சொல்வது, தலைவலிக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே தைலத்தைத் தேய்ப்பது போல.

அதனால் செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன்னால் உங்கள் கோளாறு எந்த வகை என்று பாருங்கள். செலவு அதிகமா, சும்மா இருக்கும்போது கசிகிறதா, வரவு போதவில்லையா, பேட்டரிக்கு வயதாகிவிட்டதா, அல்லது மீட்டர்தான் பொய் சொல்கிறதா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எம்ஏஎச் எண்ணை வைத்துக் கன்சோல்களை ஒப்பிடாதீர்கள். வோல்டேஜ் ஆளுக்கு ஆள் வேறு. பார்க்க வேண்டியது வாட் அவர். முதல் நின்டென்டோ ஸ்விட்ச்சில் 4310 எம்ஏஎச், 3.7 வோல்ட், பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஏறக்குறைய 16 வாட் அவர். எல்சிடி திரை கொண்ட ஸ்டீம் டெக்கில் 40, ஓஎல்இடி மாடலில் 50. அசூஸின் விண்டோஸ் கன்சோலான ஆர்ஓஜி அல்லையின் முதல் மாடலில் 40, 2024-இல் வந்த அல்லை எக்ஸில் 80.

இந்த எண்ணைக் கன்சோல் இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் கிடைத்துவிடும். 40 வாட் அவர் பேட்டரியில் 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம், 8 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரம். இதற்கு மேல் எந்தத் தந்திரமும் கிடையாது. கீழே வரும் எல்லாமே இந்த வகுத்தலில் மேலே உள்ள எண்ணைக் காப்பாற்றுவது, கீழே உள்ள எண்ணைக் குறைப்பது என்ற இரண்டில் ஒன்றுதான்.

ஸ்டீம் டெக்கில் வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளி பட்டனை அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லேயைப் போட்டால் பேட்டரியிலிருந்து இந்த நொடியில் எத்தனை வாட் போகிறது என்று தெரியும். ஸ்விட்ச்சில் அப்படி ஒன்று இல்லை. ஹோம் திரையில் இசட்எல், இசட்ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் சதவீதம் தெரியும். குறித்துக்கொண்டு, ஒரே கேமை ஒரே பிரைட்னஸில் ஒரு மணி நேரம் விளையாடி மறுபடி பாருங்கள். 100-லிருந்து 70-க்கு வந்திருந்தால் 16-இல் 30%, அதாவது 4.8 வாட். கச்சிதமான அளவு இல்லைதான், ஆனால் ஊகத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்து, உங்கள் கன்சோல் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று தயாரித்தவரே என்ன சொல்லியிருக்கிறார் என்பதையும் பாருங்கள். 2017-இல் வந்த முதல் ஸ்விட்ச்சுக்கு 2.5 முதல் 6.5 மணி நேரம். 2019-இல் அதே முகத்தோடு வந்த திருத்திய மாடலுக்கு 4.5 முதல் 9 மணி நேரம். பேட்டரி அதேதான், உள்ளே இருக்கும் சிப் 20 நானோமீட்டர் தயாரிப்பிலிருந்து, குறைவாக மின்சாரம் இழுக்கும் 16-க்கு மாறியது. பின்பக்கத்தில் எச்ஏசி-001 என்று மட்டும் இருந்தால் பழையது, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் -01 சேர்ந்திருந்தால் புதியது. நண்பன் கன்சோல் ஐந்து மணி நேரம் ஓடுகிறது, என்னுடையது மூன்றில் செத்துவிடுகிறது, பேட்டரி போச்சு என்று ஒருவர் புது பேட்டரியே வாங்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். இரண்டையும் திருப்பிப் பார்த்தோம். மாடல்தான் வேறு. பேட்டரியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

மற்றவற்றுக்கு: ஸ்விட்ச் லைட் 3 முதல் 7, ஸ்விட்ச் 2 என்றால் 2 முதல் 6.5, ஸ்டீம் டெக் எல்சிடி 2 முதல் 8, ஓஎல்இடி 3 முதல் 12 மணி நேரம். கனமான கேமுக்குக் கீழ் எண், லேசான கேமுக்கு மேல் எண். இந்த எல்லைக்குள் இருந்தால் எதுவும் கெடவில்லை. செலவைக் குறைக்கும் வேலை மட்டும்தான் பாக்கி.

பின்பக்கம் உப்பியிருக்கிறது, திரை ஓரம் தூக்குகிறது

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இருந்தால் மற்ற எதையும் படிக்கத் தேவையில்லை. மேஜை மேல் வைத்தால் ஆடுகிறதா, திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா, ஒரு பட்டன் மட்டும் திடீரென்று இறுக்கமாகிவிட்டதா, சோனியின் பழைய கையடக்கக் கன்சோலான பிஎஸ்பியில் பேட்டரி மூடி மூட மறுக்கிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது. அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள். மூடியை அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் அவரைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பழுது பார்ப்பவரிடமோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுக்க வேண்டியதுதான். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

கனமான கேம் போட்டால் இரண்டு மணி நேரம்கூட வரவில்லை

இங்கே குற்றவாளி சிப்தான். திரையும் வைஃபையும் வெறும் கூட்டாளிகள். மொத்தம் 22 வாட் போகும் இடத்தில் வைஃபையை அணைத்து அரை வாட் மிச்சம் பிடித்தால் ஆயுள் இரண்டு சதவீதம் கூடும். இரண்டு நிமிடம். அதற்காக ஆன்லைன் சேவ் வசதியை இழப்பது லாபமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை ஃப்ரேம் ரேட்டைக் கட்டுவது. நொடிக்கு 60 படம் வரையும் சிப்பை 40 வரைந்தால் போதும் என்று நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்கு வரைகலை வேலை அப்படியே குறைகிறது. உடனே வரும் பயம், "30-க்கு இறக்கினால் இழுத்து இழுத்து ஓடுமே" என்பது. அதனால்தான் 40 என்றேன். 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி, 30-இல் 33.3. இரண்டுக்கும் நடுப்புள்ளி 25, அது 40 எஃப்பிஎஸ். எண்ணாகப் பார்த்தால் 30-க்கு அருகில் இருப்பது போலத் தெரியும். கைக்கும் கண்ணுக்கும் அது சரியாகப் பாதி தூரம். ஸ்டீம் டெக் எல்சிடியில் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டையே 40 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 40 முறை படம் புதுப்பிக்கும்படி, இறக்கிக்கொள்ளலாம். ஓஎல்இடியில் திரை 80 ஹெர்ட்ஸில் ஓடி ஒரு படத்தை இரண்டு முறை காட்டும், கணக்கு அதேதான். திரையின் ரெஃப்ரெஷ் ரேட் ஃப்ரேம் ரேட்டால் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40-ஐக் கட்டினால் சில படம் ஒரு முறையும் சில படம் இரண்டு முறையும் வந்து, தலைசுற்றல்தான் மிச்சம்.

மெனு திரையில் விசிறி கத்துகிறதா என்றும் பாருங்கள். கேம் ஓடும்போது 50 எஃப்பிஎஸ் தரத் திணறும் சிப், வெறும் மெனுவை நொடிக்குப் பல நூறு முறை வரைந்து தள்ளிக்கொண்டிருக்கும். ஃப்ரேம் லிமிட் போட்டால் இதுவும் சேர்ந்து அடங்கிவிடும்.

இரண்டாவது, டிடிபி. சிப் அதிகபட்சம் எத்தனை வாட் எடுக்கலாம் என்ற உச்சவரம்பு. ஸ்டீம் டெக்கில் 15 வாட் வரை. முதல் அல்லையில் சைலன்ட் என்றால் 10, பெர்ஃபார்மன்ஸ் 15, டர்போ 25. இங்கே ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. சிப்பின் மின்செலவு அதன் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தை 20% குறைத்தால் வோல்டேஜும் கூடவே கொஞ்சம் இறங்கும். 10% இறங்கியதாக வைத்துக்கொள்வோம். 0.8 பெருக்கல் 0.9 பெருக்கல் 0.9 என்றால் 0.648. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மின்சாரத்தை மிச்சம் பிடித்துவிட்டீர்கள். கடைசிச் சில வாட்டுகள்தான் இருப்பதிலேயே வீணான வாட்டுகள். டர்போவிலேயே வைத்துக்கொண்டு ஆயுள் போதவில்லை என்று புலம்புபவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான்.

ஃப்ரேமைக் கட்டியபிறகு டிடிபியை ஒவ்வொரு வாட்டாக இறக்கிக்கொண்டே வாருங்கள். கேமில் கூட்டம் அதிகமான, புகையும் வெடியுமான இடத்தில் நின்று செய்யுங்கள். ஆளில்லாத அறையில் நின்று 7 வாட் போதும் என்று முடிவு செய்தால் அடுத்த சண்டையிலேயே திக்கும். ஃப்ரேம் தடுமாறும் இடம் வந்ததும் ஒரு வாட் ஏற்றி நிறுத்துங்கள். ஸ்டீம் டெக்கில் இந்த அமைப்பை அந்தக் கேமுக்கு மட்டும் தனியாகச் சேமிக்க முடியும். அந்தச் சுவிட்ச்சைப் போட மறந்தால், அடுத்து வேறு கேம் திறக்கும்போது "ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது" என்று இன்னொரு கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அது இரண்டு முறை நடந்திருக்கிறது.

மூன்றாவதாகக் கேமுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் அமைப்புகள். நிழலின் தரம், ஒளிப் பிரதிபலிப்பு, வால்யூமெட்ரிக் மூடுபனி ஆகிய மூன்றையும் ஒரு படி இறக்குங்கள். ஏழு அங்குலத் திரையில் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ஆனால் ஃப்ரேம் ரேட்டைக் கட்டாமல் இதைச் செய்தால் ஒரு பைசா மிச்சமாகாது, ஏனென்றால் மிச்சமான சக்தியைக் கேம் கூடுதல் ஃப்ரேமாக மாற்றித் தின்றுவிடும். கட்டு முதலில், குறைப்பு பிறகு.

ஸ்விட்ச் வகையறாவில் இந்த அமைப்புகள் எதுவும் உங்கள் கையில் இல்லை. பிரைட்னஸ், விமானப் பயன்முறை, கன்ட்ரோலரின் அதிர்வு, அவ்வளவுதான். அங்கே கனமான கேம் என்றால் தயாரித்தவர் சொன்ன கீழ் எண்ணுக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்வதுதான் வழி.

சின்ன கேம்தான், ஆனாலும் நீடிக்கவில்லை

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த நிலைமைக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். இருபரிமாண கேம் ஒன்றுக்குச் சிப் இரண்டு வாட் எடுத்தால் அதிகம். ஆனால் திரை, வைஃபை, மெமரி, விசிறி, பின்னணியில் ஓடும் மென்பொருள் எல்லாம் சேர்ந்து அதற்கு மேல் தின்கின்றன. மேலே எதை அற்பம் என்று தள்ளினேனோ, அதுவே இங்கே பெரிய செலவு. 22 வாட்டில் அரை வாட் இரண்டு சதவீதம். 6 வாட்டில் அதே அரை வாட் எட்டு சதவீதம்.

அதனால் இங்கே வரிசை தலைகீழ். பிரைட்னஸை முதலில் இறக்குங்கள். தானியங்கி பிரைட்னஸை நம்பாமல், இருக்கும் அறைக்குக் கண்ணுக்குப் போதுமான அளவில் கையால் வையுங்கள். ஓஎல்இடி திரையாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடுகிறது. கறுப்புப் பின்னணி கொண்ட கேமுக்கு ஏறக்குறைய ஒன்றும் செலவில்லை, வெள்ளைப் பின்னணிக்கு நல்ல செலவு. எல்சிடியில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் கறுப்பானாலும் வெள்ளையானாலும் ஒரே பில்தான். "டார்க் தீம் போட்டால் பேட்டரி மிச்சம்" என்ற அறிவுரை எல்சிடி கன்சோலுக்குச் செல்லாது.

பிறகு வைஃபை, ப்ளூடூத், ரெஃப்ரெஷ் ரேட். ஆமாம், 120 ஹெர்ட்ஸ் திரையில் சீட்டாட்டம் ஆட வேண்டியதில்லை. ஸ்டிக்கைச் சுற்றி எரியும் வண்ண விளக்குகளையும் அணையுங்கள். விளையாடும்போது அவற்றை உங்கள் கட்டைவிரல்தான் பார்க்கிறது. விண்டோஸில் ஓடும் கன்சோல் என்றால் கேம் லாஞ்சர்கள் மூன்று நான்கு பின்னால் விழித்திருக்கும், அப்டேட் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் யார் தின்கிறார்கள் என்று தெரியும்.

ஸ்விட்ச்சில் ஒரு தனிச் செய்தி. பக்கத்தில் மாட்டியிருக்கும் ஜாய்-கான் கன்ட்ரோலர்களில் சார்ஜ் தீர்ந்திருந்தால் அவை கன்சோலின் பேட்டரியிலிருந்தே குடிக்கும். கிளம்புவதற்கு முன் அவற்றையும் முழுதாக ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

ராத்திரி 80, காலையில் 55

ஸ்லீப்பில் போட்ட கன்சோல் ஓரிரவில் நாலைந்து சதவீதம் குறைந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். பதினைந்து இருபது என்றால் ஏதோ ஒன்று உள்ளே தூங்காமல் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 வாட் அவரில் 25% என்றால் 10 வாட் அவர், எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 1.25 வாட். தூங்கும் கருவிக்கு இது ரொம்ப அதிகம்.

இரண்டு இரவு சோதனை ஒன்று செய்யுங்கள். முதல் இரவு வழக்கம்போல ஸ்லீப்பில் போட்டு, தூங்கும்போதும் எழுந்ததும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இரவு முழுவதுமாக ஷட்டவுன் செய்துவிட்டு அதேபோலக் குறியுங்கள். ஸ்லீப்பில் மட்டும் குறைந்தால் மென்பொருள் கோளாறு. ஷட்டவுனிலும் குறைந்தால் வன்பொருள். லித்தியம் அயான் பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்கு ஓரிரு சதவீதம்தான். ஓரிரவில் பத்து போகிறது என்றால் பேட்டரியோ போர்டோ பழுது பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறது, செட்டிங்ஸில் தேடிப் பலனில்லை.

மென்பொருள் கோளாறு என்று தெரிந்தால் முதல் சந்தேகம் விண்டோஸ் மேல். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற அதன் தூக்கம் கோழித் தூக்கம். மெயில் பார்க்க, அப்டேட் தேட என்று நடுநடுவே விழிக்கும். சில சமயம் விழித்த கன்சோல் பைக்குள் இருந்தபடியே சூடாகி, விசிறியைச் சுற்றி, முழு பேட்டரியையும் காலி செய்துவிடும். தீர்வு ஹைபர்னேட். பவர் பட்டனை அழுத்தினால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் ஆகும்படி பவர் ஆப்ஷன்ஸில் மாற்றிவிடுங்கள். மெமரியில் இருப்பதையெல்லாம் எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். எழுந்திருக்கக் கூடுதலாகச் சில நொடி ஆகும், அதற்குள் யாருக்கும் வயதாகிவிடாது.

ஸ்டீம் டெக்கும் ஸ்விட்ச்சும் இந்த விஷயத்தில் ஒழுங்கான பிள்ளைகள். அவற்றில் ஸ்லீப் இழப்பு அதிகமாக இருந்தால், ப்ளூடூத் கன்ட்ரோலர் ஏதாவது தட்டி எழுப்புகிறதா, பைக்குள் பவர் பட்டன் அமுங்குகிறதா என்று பாருங்கள். ஆன்லைன் கேமைப் பாதியில் நிறுத்தித் தூங்க வைக்கும் பழக்கம் இருந்தால், ஓர் இரவு கேமை மூடிவிட்டுத் தூங்க வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் தொடப்போவதில்லை என்றால் ஸ்லீப் எதற்கு, ஷட்டவுன் செய்துவிடுங்கள்.

சார்ஜர் செருகியிருந்தும் இறங்குகிறது

யானைப் பசிக்குச் சோளப்பொரி. கனமான கேமில் 25 வாட் வரை இழுக்கும் கன்சோலுக்குப் பழைய போன் சார்ஜர் 10 வாட் தருகிறது. மீதி 15 பேட்டரியிலிருந்துதான் போக வேண்டும். சார்ஜ் ஆகிறது என்ற அடையாளம் திரையில் இருக்கும், எண் மட்டும் இறங்கிக்கொண்டே வரும். ஸ்டீம் டெக்கோடு வருவது 45 வாட் யூஎஸ்பி-சி பவர் டெலிவரி சார்ஜர். அதற்குச் சமமானது வேண்டும்.

சார்ஜர் சரியாக இருந்தும் இதே கதையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி-ஏ, மறுமுனை சி என்றால் பவர் டெலிவரி பேச்சுவார்த்தையே நடக்காது. சார்ஜரும் கன்சோலும் "எத்தனை வோல்ட் வேண்டும்" என்று பேசிக்கொள்ளும் கம்பி அதில் இல்லை. இரு முனையும் சி இருக்க வேண்டும். சாதாரண சி-சி கேபிள் 60 வாட் வரை தாங்கும், அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள். அதன் பிறகு போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பையில் போட்டுத் திரிந்த கன்சோலின் போர்ட்டில் பஞ்சு அடைந்து, பிளக் கடைசிவரை போகாமல் இருக்கும். மரப் பல்குச்சியால், கன்சோலை அணைத்துவிட்டு, மெதுவாக எடுக்கலாம். ஊசி வேண்டாம்.

80%-க்கு மேல் மெதுவாக ஏறுவது கோளாறு இல்லை. எல்லா லித்தியம் பேட்டரியும் உச்சத்தை நெருங்கும்போது மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். 80-இல் நின்றேவிடுகிறது என்றால் யாரோ சார்ஜ் லிமிட் போட்டு வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் நீங்களேதான். ஸ்டீம்ஓஎஸ் 3.7 முதல் ஸ்டீம் டெக்கில் இந்த வசதி உண்டு. ஸ்விட்ச் 2-இல் 90% அருகில் நிறுத்தும் அமைப்பு இருக்கிறது.

பவர் பேங்க் வைத்து விளையாடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 10,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் சொல்வது, அதாவது 37 வாட் அவர். வோல்டேஜை ஏற்றி அனுப்பும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போகும். அதனால் எல்சிடி ஸ்டீம் டெக்கை ஒரு முறை முழுதாக நிரப்பக்கூட அது போதாது. 20,000 எம்ஏஎச் வாங்குங்கள். 74 வாட் அவர், விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக அனுமதிக்கும் 100 வாட் அவர் வரம்புக்குள்ளும் இருக்கிறது.

25% காட்டும்போதே பொசுக்கென்று அணைகிறது

இதில் இரண்டு சாத்தியம்: மீட்டர் பொய் சொல்கிறது, அல்லது பேட்டரி கிழமாகிவிட்டது. முதலாவது செலவில்லாமல் சரியாகும் என்பதால் அதிலிருந்து ஆரம்பிப்போம்.

பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் ஒரு சிப் கணக்கெழுதிக் கழித்துச் சொல்கிறது. எப்போதும் 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே வைத்திருப்பவர்களின் கன்சோலில் இந்தக் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும். முழுதாக ஏற்றி, 100 வந்தபிறகும் ஒரு மணி நேரம் செருகியே விட்டு, பிறகு தானாக அணையும்வரை ஓட்டி, மறுபடி நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். சிப்புக்கு இரண்டு எல்லையும் மறுபடி தெரிந்துவிடும். இதை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். இது மீட்டரைத் திருத்தும் வேலை. பேட்டரிக்கு இதனால் நன்மை இல்லை, சிறு தேய்மானம்தான். "மாதாமாதம் முழுசா காலி பண்ணி ஏத்தினா பேட்டரி ஸ்ட்ராங் ஆகும்" என்பது நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு.

செய்தும் அணைகிறதா? அப்படியென்றால் அணைவது எப்போது என்று கவனியுங்கள். லேசான கேமில் 5% வரை ஓடுகிறது, கனமான கேமில் மட்டும் 25%-இல் விழுகிறது என்றால் உள்தடை ஏறியிருக்கிறது. பேட்டரி கிழமாக ஆக, தனக்குள்ளேயே ஒரு தடையை வளர்த்துக்கொள்கிறது. உதாரணத்துக்கு, 0.2 ஓம் தடை வளர்ந்த ஒரு செல்லிலிருந்து 2.5 ஆம்பியர் இழுத்தால் அரை வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 3.6 வோல்ட்டில் இருந்த செல் கன்சோலுக்கு 3.1 ஆகத் தெரியும். தீர்ந்துவிட்டது என்று நினைத்து கன்சோல் அணைந்துகொள்கிறது. சார்ஜர் செருகியதும் மறுபடி 20% காட்டுவது இதனால்தான். குளிரிலும் இந்தத் தடை ஏறும். குளிர்ந்த இடத்தில் மட்டும் இப்படி ஆனால் கன்சோலை அறை வெப்பத்துக்கு வரவிட்டு மறுபடி சோதியுங்கள்.

ஆரோக்கியத்தை எண்ணாகப் பார்க்கலாம். ஸ்டீம் டெக்கின் டெஸ்க்டாப் மோடில் இன்ஃபோ சென்டரில் எனர்ஜி பக்கம் இருக்கிறது. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 0.8-க்கு மேல் என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். 0.7-க்குக் கீழே போய், அணைவதும் சேர்ந்திருந்தால் மாற்றும் நேரம்தான். ஸ்விட்ச் பேட்டரி 800 முறை ஏற்றியபிறகும் ஏறக்குறைய 80% தாங்கும் என்று நின்டென்டோ சொல்கிறது. தினமும் ஒரு முழுச் சுற்று என்றாலும் இரண்டு வருடத்துக்கு மேல் வரும். அதற்கு முன்பே கிழமானால் பெரும்பாலும் வெப்பம்தான் காரணம். மெத்தை மேல் வைத்து, காற்றுத் துளை அடைபட, சார்ஜரும் செருகியபடி மணிக்கணக்கில் விளையாடுவது பேட்டரிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கொடுமை.

பல மாதம் பெட்டியில் கிடந்தது, இப்போது அசைவே இல்லை

பதற்றப்படாமல் ஒரிஜினல் சார்ஜரைச் செருகி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். அடிமட்டத்துக்குப் போன பேட்டரிக்கு முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரம் ஏறும், அதுவரை திரையில் எதுவும் வராது. பிறகு சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனைப் பன்னிரண்டு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து விட்டு, மறுபடி செருகி ஆன் செய்து பாருங்கள். ஸ்டீம் டெக் என்றால் அது பேட்டரி ஸ்டோரேஜ் மோடில் உறங்கிக்கொண்டிருக்கலாம். சார்ஜர் செருகினால்தான் எழும். ஒரு மணி நேரம் கழிந்தும் அசையாவிட்டால் பேட்டரி மீளாத் தூக்கத்துக்குப் போயிருக்கும்.

அடுத்த முறை ஒதுக்கி வைக்கும்போது பாதியளவு சார்ஜில், ஷட்டவுன் செய்து வையுங்கள். 100-இல் வைத்தாலும் கெடும், 0-இல் வைத்தாலும் கெடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்து ஏற்றுங்கள்.

பேட்டரியை மாற்றுவது என்று முடிவானால்

பிஎஸ்பி மாதிரி மூடியைத் திறந்து மாற்றும் காலம் போய்விட்டது. ஸ்விட்ச்சில் மூன்று கீற்றுத் தலை கொண்ட திருகு, ஸ்டீம் டெக்கில் பேட்டரியைப் பிடித்திருக்கும் முரட்டு ஒட்டுப்பசை. திறப்பதற்கு முன் சார்ஜை 25%-க்குக் கீழே இறக்குங்கள். பசையை இளக்க மிதமான சூடு போதும், நெம்ப உலோகக் கருவி கூடாது. பேட்டரி வளைந்தாலே ஆபத்து. கை பழகாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்கும்போது ஒரிஜினலைவிட இரட்டிப்பு எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் ஒதுங்கிவிடுங்கள். அதே பருமனுக்குள் இரண்டு மடங்கு மின்சாரத்தை யாராலும் அடைக்க முடியாது. 1800 எம்ஏஎச் இருந்த பழைய பிஎஸ்பிக்கு 3600 என்று எழுதிய பேட்டரி ஒன்று என் கைக்கு வந்தது. எடை ஒரிஜினலைவிடக் குறைவு, ஓடிய நேரமும் குறைவு. எண்ணை நம்பாமல் எடையைப் பாருங்கள்.

புதிதாக மாட்டியதும் முதல் சில நாள் சதவீதம் தாறுமாறாகக் காட்டும், 40-லிருந்து ஒரேயடியாக 28-க்குத் தாவும். புது பேட்டரியின் அளவு மீட்டர் சிப்புக்கு இன்னும் தெரியாது. மேலே சொன்ன முழு ஏற்று, முழு இறக்கு, மறுபடி ஏற்று என்ற சுற்றை ஒருமுறை செய்துவிட்டு, அதற்கப்புறம் ஒரு மணி நேரச் சோதனையை அதே கேமில் அதே பிரைட்னஸில் திரும்பச் செய்து, பழைய எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.